மனநிலைக்கும் ஒரு சிட்டை போடுங்கள்

காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பி.ஃபார்ம் படித்தவள். கடைக்கு வருகிறவர்கள் சின்னவர் பெரியவர் என்றில்லாமல் என்னை "ஆச்சி" என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் பக்கம் அக்காவையும் அப்படித்தான் கூப்பிடுவோம். என் தம்பிக்கு இருமுனை மனநிலைக் கோளாறு இருக்கிறது. பைபோலார் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மனம் சில காலம் அளவுக்கு மீறி ஏறும், சில காலம் அடியோடு இறங்கும். டாக்டர் சீட்டில் பி.பி.ஏ.டி. என்று நாலெழுத்தாகப் போட்டிருக்கும். மருந்து கொடுக்கிறவளாகவும் இருக்கிறேன், மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவளாகவும் இருக்கிறேன். எழுதியதைத் தம்பி படித்தான், சில இடங்களை வெட்டச் சொன்னான், வெட்டிவிட்டேன்.

இன்ன நோய் என்று முடிவு செய்வது டாக்டரின் வேலை. ஆனால் அவர் நம் ஆளைப் பார்ப்பது முதல் தடவை அரைமணி நேரம், அப்புறம் பத்து நிமிஷம். அந்த நேரத்தில் ஆள் எப்படி இருக்கிறாரோ அதுதான் அவர் கண்ணுக்குத் தெரியும். போன தீபாவளிக்கு எப்படி இருந்தார், மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசம் ஏன் தூங்காமல் கிடந்தார் என்பதெல்லாம் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். மனநிலைக் கோளாறில் நோயே அந்தக் கதைக்குள்தான் இருக்கிறது. அதைச் சிந்தாமல் கொண்டுபோய் டாக்டரிடம் சேர்ப்பது எப்படி என்பதைத்தான் முக்கியமாகச் சொல்லப்போகிறேன். அதற்கு வழி சிட்டை, அதாவது அன்றாடக் கணக்கு.

துக்கமா, நோயா

சாவு, கடன், பிள்ளை வெளிநாடு போன வெறுமை, எதுவானாலும் துக்கம் வரத்தான் செய்யும். ஆனால் துக்கத்தில் இருப்பவருக்கும் நடுநடுவே மனசு லேசாகும். பேரப்பிள்ளை போனில் வந்தால் முகம் மலரும். மனச்சோர்வு நோயில் அந்த நடுநடுவே என்பது இல்லாமல் போய்விடும்.

டாக்டர்கள் பார்ப்பது ஒன்பது விஷயங்கள். நாள் முழுக்க மனம் கனத்துக் கிடப்பது, முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போவது: இந்த இரண்டில் ஒன்றாவது கண்டிப்பாக இருக்க வேண்டும். இவற்றோடு தூக்கம் கெடுவது அல்லது தூங்கிக்கொண்டே இருப்பது, பசியும் எடையும் மாறுவது, அசதி, உடம்பின் வேகம் குறைவது அல்லது இருப்புக் கொள்ளாமல் தவிப்பது, கவனம் நிற்காமல் போவது, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற குற்ற உணர்வு, சாவைப் பற்றிய நினைப்பு. மொத்தம் ஐந்தாவது, இரண்டு வாரமாவது, அநேகமாகத் தினமும் இருந்து, அன்றாட வேலையும் கெட்டுப்போயிருந்தால் அது மனச்சோர்வு நோய். இவ்வளவு கடுமை இல்லாமல் மந்தமாகவே இரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு போகும் ரகமும் உண்டு. அதை வீட்டில் "அவ குணமே அப்படித்தான்" என்று தள்ளிவிடுவார்கள்.

ஆனால் எங்கள் பக்கம் யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "கை கால் ஓஞ்சு ஓஞ்சு வருது ஆச்சி", "நெஞ்சு படபடங்குது", "சோறு இறங்க மாட்டேங்குது" என்றுதான் வருவார்கள். கேஸ் மாத்திரை, சத்து டானிக், ஈசிஜி, மறுபடியும் கேஸ் மாத்திரை என்று மாசக்கணக்கில் ஓடும். பரிசோதனை எல்லாம் நன்றாக இருந்து, உபாதை மட்டும் அப்படியே நின்றால், "ராத்திரி தூக்கம் எப்படி? கடைசியா எதுக்குச் சந்தோஷப்பட்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பலருக்கு அந்தக் கேள்வியிலேயே கண் கலங்கிவிடும்.

வயதானவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவிலிருந்து தெருவுக்கு நீண்டு கிடக்கும் வீட்டில் எண்பது வயது ஆச்சி ஒருவரும் சமையலுக்கு வரும் பெண்ணும் மட்டும் இருப்பார்கள். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில். அந்த ஆச்சி யார் வீட்டுக் கல்யாணம், யாருக்குப் பேறுகாலம் என்று விசாரிப்பதை நிறுத்துகிறார். டி.வி. ஓடுகிறது, பார்ப்பதில்லை. எதைக் கேட்டாலும் "தெரியலை" என்கிறார். ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் மறதி நோய் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வயதானவர்களின் மனச்சோர்வு அச்சு அசலாக மறதி போலவே தெரியும். பெரும்பாலும், மறதி நோய்க்காரர் தனக்கு மறதி இல்லை என்று சமாளிப்பார். மனச்சோர்வுக்காரர் முயன்றுகூடப் பார்க்காமல் "தெரியலை" என்பார். இதில் சந்தோஷமான செய்தி, மனச்சோர்வு என்றால் சிகிச்சையில் அந்த மறதி பெருமளவு தெளிந்துவிடும் என்பது. அதனால் யாராவது ஒரு டாக்டர் பார்க்காமல் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள்.

மனசு ஏறும்போது

இறங்கும்போது வீடு கவனித்துவிடும். ஏறும்போதுதான் ஏமாந்துபோகும்.

தம்பிக்கு ஏறிய சமயத்தில் அவன் சொன்னது, "ஆச்சி, நம்ம வீட்டை ஹெரிடேஜ் ஓட்டல் ஆக்கப் போறேன். இது மட்டும் இல்லை, நாலு ஊர்ல நாலு." இதில் பைத்தியக்காரத்தனம் எதுவும் தெரியாது. செட்டிநாட்டில் பழைய வீடுகள் ஓட்டல் ஆகியிருப்பதை எல்லாரும் பார்க்கிறோம். அப்பச்சிக்கு, எங்கள் அப்பாவுக்கு, பெருமைகூட. பையன் சோம்பல் முறித்து எழுந்துவிட்டான் என்றார். பகலெல்லாம் போன், ராத்திரி இரண்டு மணிக்கு வளவில் உட்கார்ந்து பிளான் வரைவது, ஆத்தங்குடியில் ஒரே நாளில் நாலு இடத்தில் தரைக்கல்லுக்கு அட்வான்ஸ். கடைசியில் முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து பழைய சாமான் வியாபாரி ஒருவர் எனக்குப் போன் செய்தார். "ஆச்சி, தம்பி பர்மாத் தேக்குப் பெட்டகத்தைக் கொண்டாந்திருக்காரு. நான் கேட்டதுக்கு மேல அவரே குறைக்கிறாரு. வீட்டுல தெரியுமா?" வியாபாரி லாபத்தை விட்டுவிட்டுப் போன் செய்தாரே, அந்தப் புண்ணியம் அவருக்கு.

சந்தேகப்பட வேண்டியது யோசனையை அல்ல, தூக்கத்தை. தூக்கம் வராமல் மறுநாள் சோர்ந்து கிடப்பது ஒரு வகை. மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு, மறுநாள் எட்டு மணி நேரம் தூங்கியவர் போலத் தெம்பாகச் சுற்றுவது வேறு வகை. இரண்டாவதைப் பார்த்தால் உஷாராகுங்கள். அதோடு நிறுத்தாத பேச்சு, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும் எண்ணம், தன்னைப் பற்றிய பெரிய நினைப்பு, பணத்தை இறைப்பது, சுள்ளென்ற கோபம், வழக்கத்துக்கு மாறான உறவுகள். இது ஒரு வாரம் நீடித்தாலோ, அதற்குள்ளாகவே ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு முற்றினாலோ அதற்குப் பெயர் மேனியா. நாலு நாளாவது இருந்து, வாழ்க்கையைக் குலைக்காமல் லேசாகப் போனால் ஹைப்போமேனியா. மேனியா வந்தவருக்கு பைபோலார் முதல் வகை. ஹைப்போமேனியாவும் மனச்சோர்வும் மட்டும் மாறி மாறி வந்தால் இரண்டாம் வகை. இரண்டாம் வகைக்காரர் ஏற்றத்தில் ஒருநாளும் டாக்டரிடம் போவதில்லை. நன்றாக இருக்கிறேன் என்பார், வீட்டுக்கும் அப்படித்தான் தோன்றும். இறக்கத்தில் மட்டும் போவார், வெறும் மனச்சோர்வு என்று மருந்து வாங்கி வருவார். இதனால் வரும் சிக்கலைப் பின்னால் சொல்கிறேன்.

ஏன் வருகிறது

வளர்ப்பு சரியில்லை, மனதைரியம் இல்லை, யாரோ வைத்துவிட்டார்கள் என்று மூன்று காரணம் ஊரில் ரெடியாக இருக்கும். மூன்றும் இல்லை.

முதலில் பரம்பரை. பைபோலார் பொதுவில் நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்கில் வருகிறது. பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு நூற்றுக்குப் பத்து அளவில் வாய்ப்பு. பத்து என்றால் மீதித் தொண்ணூறு பேருக்கு வருவதில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள். மனச்சோர்வில் பரம்பரையின் பங்கு இதைவிடக் குறைவு. இழப்பு, வறுமை, அடி உதை, தனிமை இவற்றின் பங்கு அதிகம். ஒரே ஒரு ரசாயனம் குறைந்துவிட்டது என்று எளிமையாகச் சொல்வதை இப்போது யாரும் முழுசாக ஏற்பதில்லை. மூளையின் பல சுற்றுகள், தூக்கம் விழிப்பின் கடிகாரம், மனஅழுத்த ஹார்மோன்கள் எல்லாம் சேர்ந்த சமாசாரம்.

இரண்டாவது, மனநோய் வேஷத்தில் வரும் உடம்பு நோய்கள். தைராய்டு குறைந்தால் அப்படியே மனச்சோர்வு போல இருக்கும். ரத்தசோகை, பி12 குறைவு, பக்கவாதத்துக்குப் பிறகு, சர்க்கரை நோயோடு கூட வருவதும் உண்டு. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ சாப்பிடும் ஸ்டீராய்டு சிலரை ஏற்றிவிடும், சிலரை இறக்கிவிடும். குடி இரண்டையும் செய்யும். நாட்டு மருந்துப் பொட்டலத்தில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் சாப்பிட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

மூன்றாவது, பிரசவம். பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்த பெண் முதல் சில நாள் காரணமில்லாமல் அழுவது சகஜம். இரண்டு வாரத்துக்குள் தானாகத் தெளியும். தெளியவில்லை என்றால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு, சிகிச்சை வேண்டும். பிள்ளை பெற்ற சில நாளிலேயே தூக்கமே இல்லாமல், குழப்பமாக, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மறுநாள் காலை வரைக்கும் பொறுக்காதீர்கள். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டில் வருவது அது. ஏற்கெனவே பைபோலார் உள்ள பெண்ணுக்கு வாய்ப்பு பல மடங்கு அதிகம்.

உள்ளே இருக்கும் நோயைக் கிளப்பிவிடுவதில் முதல் இடம் தூக்கக்கேடுக்கு. நம் பக்கத்துக் கல்யாணங்கள், விடிய விடிய நடக்கும் திருவிழா, குன்றக்குடியிலிருந்து பழநிக்குத் தைப்பூச நடைப்பயணம், இவற்றில் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. தம்பி கல்யாணங்களுக்கு வருவான். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவான், "என்னப்பா, பாதியில கிளம்புறே" என்று யார் கேட்டாலும் சரி.

சிட்டை போடும் விதம்

நம் ஐயாக்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, போனபோது அன்றாடம் சிட்டை எழுதி, அதைப் பேரேட்டில் ஏற்றி, கடைசியில் ஐந்தொகை என்ற இறுதிக் கணக்குப் போட்டார்கள். ஒரு நாள் வரவு செலவைப் பார்த்து யாரும் கடை லாபமா நஷ்டமா என்று சொல்லிவிட முடியாது. மனநிலையும் அப்படித்தான்.

பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் போதும். ஒரு நாளைக்கு ஒரு வரி. முதலில் தேதி. அடுத்தது எத்தனை மணி நேரத் தூக்கம். படுத்த நேரம் இல்லை, தூங்கிய நேரம். அடுத்தது மனநிலைக்கு ஒரு எண்: வழக்கமான நிலை 0, இறக்கத்துக்கு மைனஸ் 1 முதல் மைனஸ் 3 வரை, ஏற்றத்துக்கு பிளஸ் 1 முதல் பிளஸ் 3 வரை. மைனஸ் 3 என்றால் எழுந்து குளிக்கக்கூட முடியாத நிலை. பிளஸ் 3 என்றால் யார் சொல்லியும் நிற்காத நிலை. அப்புறம் மாத்திரை போட்டாரா, ஆம் அல்லது இல்லை. கடைசியில் விசேஷம் ஏதும் இருந்தால் நாலு வார்த்தை: "பங்காளி வீட்டுச் சண்டை", "காய்ச்சல்", "3 மணிக்கு எழுந்து பரண் சுத்தம் செய்தார்". பெண்களானால் மாதவிலக்கு நாளையும் குறியுங்கள்.

நோயாளியே எழுதினால் உத்தமம். வீட்டாரும் தனியாக ஒன்று எழுதலாம், ஆனால் ஒளித்து வைத்து எழுதாதீர்கள். ஒற்றன் வேலை பார்த்ததாக நினைத்துவிட்டால் நோட்டும் போகும், நம்பிக்கையும் போகும். தம்பிக்கு மைனஸ் 1 என்று தோன்றிய நாளை நான் 0 என்று எழுதியிருப்பேன். அந்த வித்தியாசத்தையே டாக்டர் ரசித்துப் படிப்பார்.

முதல் தடவை டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன் பழைய கதைக்கு ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். வருஷவாரியாக: எந்த வயதில் முதல் தடவை, எத்தனை நாள், அதற்கு முன் என்ன நடந்தது, என்ன மருந்து, அதில் குணம் தெரிந்ததா. வருஷம் ஞாபகம் இல்லையென்றால் "பெரிய மகள் கல்யாணத்துக்கு அடுத்த ஆடி" என்று எழுதினாலும் போதும். குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா, யாராவது தற்கொலை செய்துகொண்டார்களா என்பதையும் எழுதுங்கள். இந்தக் கடைசி வரியை எழுதுவதற்குத்தான் பல வீடுகளில் பெரிய பஞ்சாயத்தே நடக்கும். எழுதுங்கள். டாக்டர் மருந்தைத் தேர்ந்தெடுப்பதே அதனால் மாறலாம்.

டாக்டரிடம்

மனச்சோர்வையோ பைபோலாரையோ காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. ரத்தம் எடுப்பது வேஷக்காரர்களை விலக்க: தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, பி12, சிறுநீரகம், கல்லீரல். மூளை ஸ்கேன் எல்லாருக்கும் தேவைப்படாது. வயதான பிறகு முதல் தடவையாக வந்தாலோ, வலிப்பு, தலையில் அடி போன்றவை இருந்தாலோ எடுக்கச் சொல்வார்கள். பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள் தமிழிலும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தைத் தொட்டால் டாக்டரைப் பார்ப்பது நல்லது. அது சல்லடை மட்டுமே, தீர்ப்பு இல்லை. பைபோலாரை அது கண்டுபிடிக்காது.

டாக்டர் மனச்சோர்வு என்று சொன்னதும் வீட்டார் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இவருக்கு நடுவுல கொஞ்ச நாள் ரொம்ப சுறுசுறுப்பா, தூக்கம் இல்லாம இருந்துச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?" டாக்டர் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள், நீங்களே சொல்லிவிடுங்கள். பைபோலார் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு அது மேனியாவில் கொண்டுபோய் விட்டுவிடும்.

எங்கே போவது? காரைக்குடி அரசு மருத்துவமனை, சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பெரிய சிக்கல் என்றால் மதுரை ராஜாஜி. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் சின்ன ஊர் அரசு மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட கிழமைகளில் வருவார். எந்தக் கிழமை என்று முன்பே விசாரித்துக்கொண்டு போங்கள். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். யாரைக் கேட்பது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற அந்தச் சேவையை 2022 அக்டோபரில் தொடங்கினார்கள். கட்டணம் இல்லை, ராத்திரி பகல் எந்நேரமும், தமிழில் பேசலாம்.

பெங்களூரில் உள்ள மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனநோய் உள்ளவர்களில் நோய்க்கு ஏற்றபடி 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறாமல் இருப்பது தெரிந்தது. கணக்கெடுத்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. என் கடையில் இருந்து பார்த்தால் அது அதிகப்படியான கணக்காகத் தோன்றவில்லை.

மாத்திரை

இது என் தொழில், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மனச்சோர்வுக்கு இப்போது முதலில் எழுதுவது எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ரலின், ஃப்ளூஆக்ஸெட்டின் வகை. இவை தூக்க மாத்திரை அல்ல, பழக்கப்படுத்தி அடிமையாக்கவும் செய்யாது. ஆனால் முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, கொஞ்சம் படபடப்பு வரும். குணம் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். தொந்தரவு முதலில், பலன் அப்புறம். அதனால்தான் பத்தாம் நாள் முக்கால்வாசி அட்டையைத் திருப்பிக்கொண்டு வந்து, "இது ஒத்துக்கலை ஆச்சி, எடுத்துக்கிடுங்க" என்பார்கள். நான் எடுப்பதில்லை, டாக்டருக்குப் போன் போடச் சொல்வேன். சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது, அளவைக் குறைத்துத் தொடங்குவது என்று வழி இருக்கிறது. இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதல் சில வாரம் தற்கொலை நினைப்பு கூடுகிறதா என்று வீட்டில் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

நன்றாக ஆனதும் நிறுத்திவிடக் கூடாது. முதல் தடவை வந்த மனச்சோர்வு என்றால் குணமான பிறகு ஆறு முதல் ஒன்பது மாசம். திரும்பத் திரும்ப வந்தால் இரண்டு வருஷமோ அதற்கு மேலோ. நிறுத்தும்போதும் படிப்படியாக. சட்டென்று விட்டால் தலைசுற்றல், மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு வெட்டு, எரிச்சல் எல்லாம் வரும்.

அல்பிரஸோலம், குளோனசிபாம் வேறு ஜாதி. போட்ட அன்றைக்கே தூக்கம் வரும், அதனால் அதுதான் நல்ல மருந்து என்று பெயர் வாங்கிவிடும். சில வாரத்துக்கு மட்டும் என்று எழுதியதை வருஷக்கணக்கில் போடுகிறவர்கள் உண்டு. வயதானவர்கள் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். "பழைய சீட்டு இருக்கு, ஒரு அட்டை குடுங்க" என்று வந்தால் நான் கொடுப்பதில்லை. இவை எச்1 என்ற கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் உள்ளவை. சீட்டு எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், எண்ணிக்கை எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற்றி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். என்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. பல வருஷம் போட்டவர்கள் தாங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரலாம்.

பைபோலாருக்கு முக்கிய மருந்து லித்தியம். ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் 1949இல் மேனியாவுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார்; இன்றைக்கும் அதை மிஞ்ச ஆளில்லை என்பேன். தற்கொலையைக் குறைப்பதிலும் அதற்குத் தனிப் பெயர் உண்டு. விலையும் குறைவு. ஆனால் கண்டிப்பான மருந்து. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும், 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் கொடுக்க வேண்டும். லேபில் கூட்டம் என்று மாத்திரையைப் போட்டுவிட்டுப் போய் நின்றால் அந்த எண்ணால் பிரயோஜனம் இல்லை. தொடக்கத்தில் அடிக்கடி, முதல் வருஷம் மூன்று மாசத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒருமுறை. தைராய்டு, சிறுநீரகம், கால்சியம் மூன்றையும் ஆறு மாசத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் லித்தியம் போடுகிறவர்கள் தண்ணீர் குடிப்பதில் அசட்டையாக இருக்கக் கூடாது. வாந்தி, பேதி, கடும் காய்ச்சல், நாள் முழுக்க வெயிலில் நடை, பட்டினி விரதம் இவற்றில் உடம்பு வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். யாரோ சொன்னார்கள் என்று திடீரென்று உப்பை நிறுத்தினாலும் ஏறும். வலி மாத்திரைகளில் இபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் ஆகாது, பாரசிட்டமால் போடலாம். பிரஷருக்கு டெல்மிசார்டன், எனலாப்ரில், நீர் பிரியும் மாத்திரை எதையாவது புதிதாக எழுதினால், அந்த டாக்டரிடம் லித்தியம் போடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள். கை கொஞ்சம் நடுங்குவது சாதாரணம். நடுக்கம் பெரிதாகி, நடை தள்ளாடி, நாக்குக் குழறி, வாந்தி பேதியும் வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் நேரே ஆஸ்பத்திரி.

வால்ப்ரோயேட்டும் ஏற்றத்தை அடக்கும். ஆனால் கருவில் இருக்கும் பிள்ளைக்குக் கெடுதல் செய்யும் மருந்து. பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு யாராவது எழுதியிருந்தால் "வேற மருந்து இருக்கா டாக்டர்?" என்று கேட்பது உங்கள் உரிமை. தானாக நிறுத்திவிடாதீர்கள், கேளுங்கள். லாமோட்ரிஜின் இறக்கத்தைத் தடுக்க நல்லது. மெல்ல மெல்ல அளவைக் கூட்ட வேண்டும், உடம்பில் தடிப்பு வந்தால் அன்றே காட்ட வேண்டும். ஓலன்ஸபின், குவெட்டியாபின் போன்றவை எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். மாசத்துக்கு ஒருமுறை இடுப்பளவு, எடை. அதையும் சிட்டையில் எழுதலாம்.

"கரண்ட் வைப்பது" என்று மிரட்டும் சிகிச்சை சினிமாவில் காட்டுகிற மாதிரி இல்லை. மயக்க மருந்து கொடுத்து, தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மயக்கம் இல்லாமல் செய்வதைத் தடை செய்துவிட்டது. சாப்பாடு தண்ணீர் இறங்காமல் கிடக்கும் கடும் மனச்சோர்வில் உயிரைக் காப்பது அதுதான். சில காலம் ஞாபகம் தட்டும்.

பேச்சு சிகிச்சை நம் பக்கம் சுலபமாகக் கிடைப்பதில்லை. லேசான மனச்சோர்வுக்கு மாத்திரையே இல்லாமல் அது மட்டும் போதும் என்பது தெரிந்தும் இந்த நிலைமை. கிடைக்கும் வரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று: மனம் வந்தால் செய்வோம் என்று காத்திராமல், சின்ன வேலையை நேரம் குறித்துச் செய்வது. காலை ஆறரைக்கு ஊருணிக் கரையில் ஒரு சுற்று, கூட ஒருவர். "எழுந்திரு, தெம்பா இரு" என்று சொல்வதைவிட, செருப்பை மாட்டிக்கொண்டு "வா, போயிட்டு வருவோம்" என்று நிற்பது பலிக்கும்.

சாக வேண்டும் என்று சொன்னால்

சொல்கிறவர்கள் செய்ய மாட்டார்கள் என்பது தவறு. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் யாருக்கும் புதிதாக அந்த எண்ணம் வந்துவிடாது. எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறார் என்றால் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, சாணிப் பவுடர், மாத்திரை டப்பா எல்லாவற்றையும் பூட்டுங்கள் அல்லது வீட்டை விட்டே வெளியேற்றுங்கள். கிணற்றடியும் மேல்மாடியும் நினைவிருக்கட்டும். மாத்திரையை வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வாங்குங்கள். கடைக்காரரிடம் காரணத்தைச் சொன்னால் அட்டையை வெட்டிக் கொடுப்பார். 14416, அவசரத்துக்கு 108. முயன்று பிழைத்தவர் மேல் போலீஸ் வழக்கு வரும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள். அவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 சட்டம்.

கோயிலும் தர்காவும்

மனநோய் தீர என்று குணசீலம் கோயிலில் தங்கியவர்களையும் ஏர்வாடி தர்கா போய் வந்தவர்களையும் எனக்குத் தெரியும். எங்களைப் பெற்ற ஆத்தாவே தம்பிக்காகப் பிள்ளையார்பட்டிக்கு வேண்டிக்கொண்டவள். சாமி கும்பிடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, மாத்திரை டப்பா பையில் இருக்கட்டும். சங்கிலிக்கு மட்டும் எக்காலத்திலும் சம்மதிக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. இருபத்தெட்டுப் பேர் போனார்கள். சங்கிலியில் கட்டுவது இப்போது சட்டப்படியும் குற்றம்.

நன்றாக இருக்கும்போது பேசி வைப்பது

ஏறிய பிறகு எதையும் பேச முடியாது. நிதானமாக இருக்கும்போது உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் எழுதியிருப்பது: இரண்டு ராத்திரி ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால் தம்பியே டாக்டருக்குப் போன் செய்வான், மூன்றாவது ராத்திரி ஆனால் நான் செய்வேன், அவன் கோபப்படக் கூடாது. ஏ.டி.எம். கார்டுக்கு நாள் வரம்பு. வீட்டுச் சாமான், நகை, நிலம் எதை விற்பதானாலும் இரண்டு பேர் கையெழுத்து. பங்குச்சந்தை ஆப் போனில் இருக்காது. இவற்றில் பாதியை எழுதச் சொன்னது அவன்தான். ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையையும் 2017 சட்டம் கொடுத்திருக்கிறது.

கல்யாணப் பேச்சுதான் நம்மிடம் பெரிய கஷ்டம். "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். கல்யாண அலைச்சலே நோயைக் கிளப்பும். அதற்காகக் கல்யாணமே ஆகாது என்பதும் இல்லை. சிகிச்சையில் நிதானமாக இருப்பவர்கள் குடும்பம் நடத்துகிறார்கள், தம்பியும் நடத்துகிறான். இசைபிடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம் எழுதும் முன்பே பெண் வீட்டில் சொல்லிவிடுங்கள். நாலு இடம் தட்டிப்போகும், ஐந்தாவது இடம் தெரிந்தே வரும். மறைத்துச் செய்தால் மாத்திரையையும் மறைத்துத்தான் போட வேண்டியிருக்கும், ஒரு மாசத்தில் நின்றுவிடும்.

இன்சூரன்ஸ் படிவத்திலும் அப்படியே. உடம்பு நோய்க்குக் கொடுப்பது போலவே மனநோய்க்கும் காப்பீடு கொடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே உள்ள நோயை எழுதாமல் விட்டால் பணம் கேட்கும் சமயத்தில் அதையே காரணம் காட்டுவார்கள். நோயின் பெயர், தொடங்கிய வருஷம், இப்போதைய மருந்து மூன்றையும் எழுதி, ஒரு நகலைச் சிட்டை நோட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.